லியோனில் துணி வாங்குவோர்க்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரான்சின் பட்டு நகரமான லியோனைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்பில், நம் ஊரில் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதை அங்கே ஆடையின் உள்பக்கத்தில் தைத்திருக்கும் சீட்டைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று சொல்லியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

என் மகள் செப்டம்பரில் லியோனுக்கு முதுநிலைப் படிப்புக்குச் செல்கிறாள். குளிர்கால ஆடைகளை இங்கேயே வாங்கி அனுப்பிவிடலாமா?
— ஒரு தந்தை, திருச்சி

வேண்டாம். பயணப் பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும் தடித்த ஸ்வெட்டர்கள்தாம் அங்கே மிகக் குறைவாகப் பயன்படும். லியோனில் செப்டம்பர் மாதம் பெரும்பாலும் இதமாகவே இருக்கும். அக்டோபர் முடிவில்தான் குளிர் உறைக்கத் தொடங்கும். ரோன், சோன் ஆகிய இரண்டு ஆறுகள் சேருமிடத்தில் ஊர் இருப்பதால் குளிரோடு ஈரமும் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். ஜனவரியில் சராசரி வெப்பநிலை 4 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆனால் வகுப்பறை, நூலகம், மெட்ரோ, கடை என்று உள்ளே நுழையும் இடமெல்லாம் சூடேற்றப்பட்டிருக்கும். எனவே, கழற்ற முடியாத ஒரே கனத்த ஆடையைவிட, மெல்லியதாக மூன்று அடுக்கு அணிந்து தேவைக்கேற்பக் கழற்றுவதும் போடுவதுமே அங்குள்ளவர்களின் வழக்கம்.

இங்கிருந்து பருத்தி உள்ளாடைகள், தினமும் உடுத்தும் குர்தாக்கள், நல்ல சால்வை ஒன்று ஆகியவற்றைக் கொடுத்தனுப்புங்கள். "துதூன்" என்று அங்கே சொல்லப்படும் பஞ்சு அடைத்த மேலங்கியை, தெக்கத்லோன் போன்ற விளையாட்டுப் பொருள் கடைகளில் மாணவர்க்குக் கட்டுப்படியாகும் விலையில் வாங்கிவிடலாம். நீர் புகாத, அடிப்பாகம் வழுக்காத காலணிதான் முதலில் வாங்க வேண்டியது. ஈரமான கற்கள் பாவிய ஏற்றத் தெருக்களில் நம் ஊர்க் காலணிகள் அவளை நிம்மதியாக நடக்க விடா. கையில் பணம் குறைவாக இருந்தால், எம்மாவூஸ் அறக்கட்டளையின் கடைகளிலும், க்ருவா-ரூஸ் குன்றின் சரிவில் உள்ள "ஃப்ரிப்பெரி" எனும் பழைய துணிக் கடைகளிலும், இளவேனில் தொடங்கித் தெருக்களில் நடக்கும் வீட்டுப் பழம்பொருள் சந்தைகளிலும் கம்பளி மேலங்கிகள் கிடைக்கும். பிறர் உடுத்திய துணியை வாங்குவது நம்மில் பலருக்குக் கூச்சமாக இருக்கலாம். அங்கே வசதியானவர்களும் பெருமையோடு செய்கிற காரியம் அது.

புதிதாகவே நல்ல கம்பளிக் கோட்டு வேண்டுமென்றால் ஜனவரி வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். வாங்கும்போது உள்சீட்டில் "லேன்" என்ற சொல்லுக்கு முன்னால் எத்தனை விழுக்காடு என்று பார்க்க வேண்டும். லேன் என்றால் கம்பளி. தொலைவிலிருந்து கம்பளிபோலத் தோன்றும் பல கோட்டுகளில் அது முப்பது விழுக்காடுகூட இருப்பதில்லை.

ஜனவரியில் எல்லாக் கடைகளிலும் "சோல்து" என்று பலகை மாட்டுகிறார்கள். நம் ஊர் ஆடித் தள்ளுபடி போன்றதுதானா? நம்பலாமா?
— ஒரு வாசகி, விலர்பான்

பெயரளவில் ஆடித் தள்ளுபடியை நினைவூட்டினாலும், இது சட்டத்தால் வரையறுக்கப்பட்ட காலம். "சோல்து" என்ற சொல்லைக் கடைக்காரர் நினைத்த நாளில் பயன்படுத்த முடியாது. குளிர்காலச் சோல்து ஜனவரியின் இரண்டாம் புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது. அந்தப் புதன்கிழமை 12ஆம் தேதிக்குப் பின் வந்தால் முதல் புதன்கிழமைக்கு முன்னகர்த்தப்படும். கோடைச் சோல்து ஜூன் மாதக் கடைசிப் புதன்கிழமை தொடங்கும். அது 28ஆம் தேதிக்குப் பின் வந்தால் அதற்கு முந்தைய புதன்கிழமை. இரண்டுமே நான்கு வாரம் நடக்கும். வாங்கிய விலைக்கும் கீழே நட்டத்தில் விற்கக் கடைகளுக்கு அனுமதி கிடைப்பது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். அது மட்டுமன்று, தள்ளுபடிக்கு வைக்கும் சரக்கு, சோல்து தொடங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே அந்தக் கடையில் விற்பனைக்கு இருந்திருக்க வேண்டும். தள்ளுபடிக்கென்றே மட்டமான சரக்கை இறக்குவதைத் தடுக்கும் விதி இது.

மற்ற நாள்களில் நீங்கள் காணும் "ப்ரொமோசியோன்", "தனி விற்பனை" போன்றவை வேறு வகை. எனினும் எந்த விலைக்குறைப்பானாலும், அடித்துக் காட்டும் பழைய விலை, அதற்கு முந்தைய முப்பது நாள்களில் அந்தப் பொருள் விற்ற மிகக் குறைந்த விலையாக இருக்க வேண்டும் என்பது இப்போது ஐரோப்பிய விதி. முதலில் விலையை ஏற்றிவிட்டுப் பிறகு இறக்கிக் காட்டும் தந்திரத்துக்கு இது ஒரு கடிவாளம்.

எப்போது போவது என்பது உங்கள் அளவைப் பொறுத்தது. பலருக்கும் பொருந்தும் நடுத்தர அளவுக்காரர்கள் முதல் இரண்டு நாளிலேயே போக வேண்டும். மிகச் சிறிய அல்லது மிகப் பெரிய அளவு உடுத்துவோர், விலையை மேலும் குறைக்கும் மூன்றாம் வாரம் வரை துணிந்து காத்திருக்கலாம். முதல் சனிக்கிழமை பார்-தியூ வணிக வளாகத்துக்கு மட்டும் போகாதீர்கள். 1975இல் திறந்த அந்தப் பெரிய வளாகத்தில் அன்று உடை மாற்றும் அறைக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால் வாங்கும் ஆசையே போய்விடும். அதே கடைகளில் பல, பெல்கூர் சதுக்கத்திலிருந்து வடக்கே செல்லும் ரெபுப்ளிக் தெருவிலும் இருக்கின்றன. வார நாள் காலையில் அங்கே போனால் நிதானமாகப் பார்க்கலாம்.

பாரிஸ் மக்களைப் போல லியோன் மக்களும் மிகுந்த நாகரிகமாக உடுத்துவார்களா?
— ஒரு கல்லூரி மாணவர், மதுரை

நாகரிகம் என்று நீங்கள் எதிர்பார்ப்பது தெருவில் கண்ணைப் பறிக்கும் உடை என்றால், ஏமாந்து போவீர்கள். கருநீலம், கறுப்பு, சாம்பல், மணல் நிறம் ஆகியவற்றில் அளவாகத் தைத்த மேலங்கி, கழுத்தில் நல்ல துணியாலான ஒரு சுற்றுத்துண்டு, சுத்தமான காலணி, அவ்வளவுதான். பட்டு வணிகத்தில் தலைமுறைகளாகப் பொருள் சேர்த்த ஊர் என்றாலும், செல்வத்தை வெளியே காட்டிக்கொள்ளாதது அதன் குணம் என்று லியோன்காரர்களே சொல்லிக்கொள்வதுண்டு. துணியின் தரத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். தொலைவில் எல்லோரும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். புதுமையாக உடுத்துவோரைப் பார்க்க விரும்பினால், க்ருவா-ரூஸ் சரிவில் தியாஃபே நடைவழியில் இளம் ஆடை வடிவமைப்பாளர்களின் கடைகளும் பட்டறைகளும் சேர்ந்திருக்கும் "வடிவமைப்பாளர் கிராமத்துக்கு"ப் போய் வாருங்கள்.

லியோனுக்குச் சுற்றுலா செல்கிறோம். உறவினர்களுக்குப் பட்டுக் கழுத்துத்துண்டுகள் வாங்க எண்ணம். பழைய நகரப் பகுதியில் பத்து யூரோவுக்கே "லியோன் பட்டு" கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னார். வாங்கலாமா?
— ஒரு வாசகி, சென்னை

பத்து யூரோவுக்குக் கழுத்துத்துண்டு கிடைக்கும். லியோனில் நெய்து அச்சிட்ட பட்டு கிடைக்காது. கடை லியோனில் இருப்பதும் பட்டு லியோனுடையதாக இருப்பதும் வேறு வேறு செய்திகள். துணி எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று எழுத வேண்டிய பொதுவான கட்டாயம் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. எந்த இழையால் ஆனது என்பதை மட்டும் எழுதியே ஆக வேண்டும். ஆகவே செய்த இடம் எழுதப்படாமல் சோன் ஆற்றங்கரையில் தொங்கும் வண்ணத் துண்டுகளைப் பார்த்ததும் கை நீளுமுன், உள்சீட்டைத் திருப்பிப் படியுங்கள்.

அதில் "சுவா" என்று இருந்தால் பட்டு. "100 விழுக்காடு சுவா" என்பதே நீங்கள் தேடுவது. "சத்தேன்" என்று விலைப் பலகையில் எழுதியிருப்பதைப் பட்டு என்று எண்ணிவிடாதீர்கள். அது நெசவின் பெயரே தவிர இழையின் பெயரன்று, பாலியெஸ்டரிலும் சத்தேன் நெய்யலாம். "விஸ்கோஸ்" என்பது மரக்கூழிலிருந்து செய்யும் இழை. ஒரு காலத்தில் செயற்கைப் பட்டு என்றே அதை அழைத்தார்கள். அதை இழிவாகச் சொல்லவில்லை, நன்றாகவே இருக்கும். பட்டு விலைக்கு மட்டும் வாங்காதீர்கள்.

சீட்டுக்கு அடுத்து ஓரத்தைப் பாருங்கள். நல்ல சதுரத் துண்டின் ஓரம், துணியின் முகப்புப் பக்கமாகக் கையால் உருட்டித் தைக்கப்பட்டிருக்கும்; விரலால் தடவினால் மெல்லிய கயிறுபோல உருண்டு திரண்டிருக்கும், தையல்களுக்கிடையே சிறு ஏற்றத்தாழ்வும் தெரியும். இயந்திரத்தில் மடித்து அடித்த ஓரம் தட்டையாக, ஒரே சீராக இருக்கும். பிறகு துண்டின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். நல்ல அச்சில் சாயம் மறுபக்கம் வரை ஊடுருவி, இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே நிறமாக இருக்கும். லியோன் முறை அச்சு என்று பெயர் பெற்றது, நிறத்துக்கு ஒன்றாக, வலைத்துணி கட்டிய சட்டங்களை வைத்து, ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு சாயத்தை இழுத்து அச்சிடுவது. முப்பது நிறம் கொண்ட வடிவத்துக்கு முப்பது சட்டம் வேண்டும், ஒரு மயிரிழை விலகினாலும் முழுத் துண்டும் வீண். 1937இல் முதல் பட்டுச் சதுரத்தை வெளியிட்ட எர்மேஸ் நிறுவனம், 90 சென்டிமீட்டர் அளவுள்ள அந்தச் சதுரங்களை லியோன் பகுதியில்தான் அச்சிடுகிறது. அவற்றின் விலை நம்மில் பெரும்பாலோர்க்குக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதற்கு மட்டுமே உரியது. ஆனால் அதே கைத்தொழிலைச் செய்யும் சிறு பட்டறைகள் நகரில் உண்டு. ரொமாரின் தெருவில் உள்ள பட்டறை ஒன்றில் அச்சிடும் முறையை நேரில் காட்டி விற்கிறார்கள். க்ருவா-ரூஸில் உள்ள "மேசோன் தே கனு" எனும் நெசவாளர் இல்லத்தில் கைத்தறி ஓடுவதைப் பார்த்துவிட்டு, அங்கேயே உள்ள கடையில் வாங்கலாம்.

பத்துப் பேருக்குப் பத்துத் துண்டு என்று கணக்குப் போடாமல், மூத்தவர்கள் இருவருக்கு உண்மையான பட்டும், மற்றவர்களுக்குச் சிறிய கைக்குட்டை அளவுத் துண்டுகளும் வாங்குங்கள். காஞ்சிபுரத்தின் கனம் பழகிய கைகளுக்கு சாய்வரியாக நெய்யும் இந்த மெல்லிய ட்வில் பட்டு முதலில் ஏமாற்றமாகவே தோன்றும். கழுத்தில் ஒரு நாள் கட்டிப் பார்த்த பிறகு பேசுங்கள்.

நான் காஞ்சிபுரத்துத் தறிக்காரன். எங்கள் தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி லியோனில் பிறந்தது என்கிறார்கள். உண்மையா? அங்கே இன்னும் அந்தத் தறிகள் ஓடுகின்றனவா?
— ஒரு வாசகர், காஞ்சிபுரம்

உண்மை, ஐயா. 1752இல் லியோனில் பிறந்த ஜோசப் மரி ஜக்கார்டு என்பவரின் பெயரைத்தான் நீங்கள் அன்றாடம் சொல்கிறீர்கள். அவருக்கு முன்பே பூஷோன், ஃபல்கோன், வோகான்சோன் ஆகியோர் பூவேலைக்கு வேண்டிய பாவு நூல்களை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களை, துளையிட்ட தாளையும் அட்டையையும் கொண்டு தூக்க முயன்றிருந்தனர். அந்த முயற்சிகளை இணைத்து, ஒரே நெசவாளர் காலால் மிதித்து இயக்கும் வகையில் 1804ஆம் ஆண்டளவில் ஒன்று திரட்டியது ஜக்கார்டின் பங்கு. அதுவரை பூவேலைத் துணிக்குத் தறியின் பக்கத்தில் நின்று கயிறுகளை இழுத்துக் கொடுக்க ஒரு துணையாள், பெரும்பாலும் சிறு பிள்ளை, வேண்டியிருந்தது. அட்டை அந்தப் பிள்ளையின் வேலையை எடுத்துக்கொண்டது. அதனால் பிழைப்புப் போனவர்கள் தொடக்கத்தில் அதை எதிர்த்தனர்.

பெட்டி தறிமேல் ஏறியதும் தறியின் உயரம் ஏறியது. க்ருவா-ரூஸ் குன்றில் இன்றும் காணும் அடுக்குமாடி வீடுகளில் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரக் கூரையும், பெரிய சன்னல்களும் இருப்பது அந்தத் தறிகளுக்காகவே. நெய்த பட்டை மழையில் நனையாமல் கீழே வணிகர்களிடம் கொண்டுபோக, கட்டடங்களுக்குள்ளேயே புகுந்து செல்லும் "த்ரபூல்" எனும் வழிகள் உதவின. "கனு" எனப்பட்ட அந்த நெசவாளர்களின் கூலிக் கதையும் உங்களுக்கு அந்நியமாக இராது: ஒப்புக்கொண்ட கூலி விகிதத்தை முதலாளிகள் சிலர் ஏற்க மறுத்ததால் 1831 நவம்பரில் அவர்கள் கிளர்ந்தெழுந்து சில நாள் நகரையே கையில் வைத்திருந்தனர். "உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டுச் சாவோம்" என்பது அவர்கள் முழக்கம். 1834இல் மறுபடியும் எழுந்து, கடுமையாக ஒடுக்கப்பட்டனர்.

இப்போது கைத்தறிகள் அங்கே அருங்காட்சியகப் பொருளாகவும், அரண்மனைகளின் பழந்துணிகளைப் புதுப்பிக்கும் அரிய வேலைக்காகவும் மட்டுமே ஓடுகின்றன. நாள்தோறும் விற்பனைக்காகக் கைத்தறியும் அட்டையும் இன்னும் பெருமளவில் சேர்ந்து வேலை செய்யும் இடங்களில் ஒன்று உங்கள் ஊர்தான். உங்கள் கேள்விக்கு வெளியே ஒன்றையும் சொல்ல வேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்து போன அச்சுப் பருத்தித் துணிகள் பிரான்சில் அவ்வளவு விரும்பப்பட்டதால், உள்ளூர்ப் பட்டு, கம்பளித் தொழில்களைக் காக்க 1686இல் அந்நாட்டு அரசு அவற்றைத் தடை செய்தது. 1759 வரை அந்தத் தடை நீடித்தது. நம் துணியைத் தடுத்துக் காப்பாற்றப்பட்ட அந்தத் தொழில் பிறகு நமக்கே தறிப் பெட்டியை அனுப்பியது.

அளவுகள் குழப்புகின்றன. வாங்கியது பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பிரெஞ்சுப் பெண்களின் 38, பிரிட்டன் கணக்கில் 10. அதிலிருந்து இரண்டிரண்டாக ஏறும், இறங்கும். ஆண்களின் கோட்டில் நம் 40 அங்கே 50. சட்டையின் கழுத்தளவு சென்டிமீட்டரில் இருக்கும். காலணியில் நம் 8, ஏறத்தாழ 42. குழந்தைகளுக்கு வயதோடு உயரமும் எழுதியிருக்கும். உயரத்தை நம்புங்கள், வயதை நம்பாதீர்கள்.

திருப்பிக் கொடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் நேரில் வாங்கிய துணியில் குறை எதுவும் இல்லையென்றால், அதைத் திருப்பி வாங்கவோ மாற்றித் தரவோ கடைக்காரருக்குச் சட்டக் கட்டாயம் கிடையாது. பெரும்பாலான சங்கிலிக் கடைகள் தாமாக முன்வந்து ஏற்கின்றன. சில கடைகள் பணத்துக்குப் பதிலாக "அவுவார்" எனும் வரவுச் சீட்டு மட்டும் தரும். பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பதினான்கு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பும் உரிமை இணையவழி வாங்கியவற்றுக்கே உண்டு. குறையுள்ள பொருளுக்கோ, சோல்து காலமானாலும் இல்லாவிட்டாலும், இரண்டாண்டுச் சட்ட உத்தரவாதம் உண்டு. "தள்ளுபடிப் பொருள், திரும்பப் பெற மாட்டோம்" என்ற பலகை அதை அழித்துவிடாது.

வரியைத் திரும்பப் பெறலாம் என்கிறார்களே?
— ஒரு வாசகர், சேலம்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவராக, பதினாறு வயது கடந்தவராக, ஆறு மாதத்துக்கும் குறைவாகத் தங்க வந்தவராக இருந்து, ஒரே கடையில் நூறு யூரோவுக்கு மேல் வாங்கினால் பெறலாம். எல்லாக் கடைகளும் இந்த வசதியைத் தருவதில்லை. பணம் கட்டும்போதே கடவுச்சீட்டைக் காட்டி "தேத்தாக்ஸ்" என்று கேட்க வேண்டும், வீட்டுக்குப் போன பிறகு நினைத்துப் பயனில்லை. அங்கே படிக்கும் உங்கள் பிள்ளையின் பெயரில் வாங்கினால் கிடைக்காது. லியோனிலிருந்து நேராகத் துபாய் வழியாகத் திரும்புவதானால், செந்த்-எக்சுபெரி விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்குமுன், கடையில் தந்த வரிச் சீட்டைச் சுங்கத்தின் பாப்லோ இயந்திரத்தில் காட்டிப் பதிவுசெய்யுங்கள். ஃபிராங்ஃபர்ட் போன்ற இன்னொரு ஐரோப்பிய நகரம் வழியாகப் போனால், ஒன்றியத்தை விட்டு வெளியேறும் அந்த நிலையத்தின் சுங்கத்தில்தான் அதைச் செய்ய வேண்டும். துணிக்கு வரி 20 விழுக்காடு என்றாலும், இடைத்தரகுக் கட்டணம் போகக் கைக்கு வருவது விலையில் பத்து, பன்னிரண்டு விழுக்காடு அளவே.

திருமணமாகி லியோனுக்கு வந்திருக்கிறேன். இங்கே சேலை உடுத்திக்கொண்டு வெளியே போகலாமா? எங்கே வாங்குவது, இரவிக்கை எங்கே தைப்பது?
— ஒரு வாசகி, லியோன்

தாராளமாகப் போகலாம், தங்கையே. யாரும் முறைக்க மாட்டார்கள்; வயதான பெண்மணி யாரேனும் மெட்ரோவில் "மிக அழகு" என்று சொல்லிவிட்டு இறங்குவார், நீங்கள் "மெர்சி" என்றால் போதும். குளிர்காலத்தில் பாவாடைக்குள் கம்பளிக் காலுறையும், மேலே முழங்கால் தாண்டிய நீளக் கோட்டும் அணியுங்கள். மெட்ரோவின் நகரும் படிகளில் மட்டும் கொசுவத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சேலைக்கு நான் பாரிஸுக்குத்தான் போகிறேன். அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம். ஈழத் தமிழர்களின் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியில், வடக்கு ரயில் நிலையத்தை அடுத்த தெருக்களில், சேலையோடு இரவிக்கைத் தையலும் கிடைக்கும். லியோனில் "ரெத்தூஷ்" என்று பலகை மாட்டிய சிறு தையல் கடைகள் ஆடையைத் திருத்தித் தருபவை. முதல் முறை அப்படி ஒரு கடையில் துணியைக் கொடுத்து இரவிக்கை என்று விளக்கினேன். அழகாகத் தைத்திருந்தார் அந்த அம்மையார், ஆனால் கைக்குழி குளிர்காலக் கோட்டுக்கு விடும் அளவில் இருந்தது, உள்ளே இன்னொருத்தி நுழையலாம். அடுத்த முறை பொருத்தமான பழைய இரவிக்கை ஒன்றைப் பிரித்து அளவுக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை.

கிழிந்த துணியைத் தைத்து வாங்கும்போது, பழுதுபார்ப்பு உதவித்தொகைத் திட்டத்தில் சேர்ந்த கடைதானா என்று கேளுங்கள். 2023 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த இந்த உதவித்தொகை, பழுதின் வகைக்கேற்பக் கட்டணத்திலிருந்தே கழிக்கப்படுகிறது.

இரவிக்கைத் துணிக்கு மட்டும் பாரிஸ் போகாதீர்கள். ஆண்டுதோறும் நவம்பரில் லியோனில் நடக்கும் பட்டுத் திருவிழாவில் நெசவாலைகள் மிச்சத் துண்டுகளை "கூப்போன்" என்று வெட்டி விற்பதுண்டு. அங்கே பட்டு பெரும்பாலும் 140 சென்டிமீட்டர் அகலத்தில் வருவதால், நம் ஊர்க் கணக்கில் ஒரு மீட்டர் கேட்க வேண்டியதில்லை. அகலத்தைச் சீட்டில் பார்த்துவிட்டு, எண்பது சென்டிமீட்டர் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.